மேற்கே போன பெட்டி

எனக்குப் பத்து வயதான வருடம், இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊரில் நர்ஸாக இருந்த என் தாய்மாமா, அந்த ஊர்க் கோடையான ஆடி மாதத்தில் எங்கள் எல்லோரையும் அங்கே வரச்சொன்னார். அவர் அம்மாவின் ஒரே தம்பி. தாயில்லாமல் போன அந்தப் பிள்ளையை அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாளாம். அவர் அங்கே போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. அழைப்பு வந்த நாளிலிருந்து அம்மா அரிசி களையும்போதுகூடத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாமாவிடமிருந்து கூரியரில் படங்கள் நிறைந்த ஒரு தடித்த உறை வந்தது. உடையார்பாளையத்து முந்திரிக்காட்டில் வளர்ந்த நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. படங்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தேன். கடலுக்குள் வெகுதூரம் நீண்டுபோகும் ஒரு மரப்பாலம், அதன் நுனியில் ராட்டினம். அந்தப் பாலம் எந்த அக்கரைக்கும் போகவில்லை. நடந்து போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்காகவே ஒரு பாலம் கட்டுகிற மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதையே என்னால் நம்ப முடியவில்லை. கரை நெடுக மஞ்சளும் நீலமுமாகச் சின்னச்சின்ன மரக்குடில்கள். வசதியானவர்கள்கூட அவற்றை வாடகைக்கு எடுத்து, வாசலில் நாற்காலி போட்டு டீ குடிப்பார்களாம்.

"நம்ம மோட்டார் கொட்டாய் அளவுதான் இருக்கு" என்றார் அப்பா. சொன்னாரே தவிர, படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அப்பாவையே வாயடைக்க வைத்தது உறைக்குள் இருந்த ஒரு சிறிய புத்தகம். கடல் எத்தனை மணிக்கு உள்வாங்கும், எத்தனை மணிக்குத் திரும்பி வரும் என்று வருடம் முழுவதற்கும் நிமிடக் கணக்கில் அச்சடித்திருந்தார்கள். ஜெயங்கொண்டம் பஸ் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லாத ஊர் எங்களுடையது. அப்பா அந்தப் புத்தகத்தை மரியாதையாகப் பஞ்சாங்கத்தின் மேல் வைத்தார்.

அன்றிலிருந்து இரண்டையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் திட்டம் போட்டார். ஆடி அமாவாசையன்று நாங்கள் அங்கே இருப்போம். காலையில் கடல் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துத் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார். சீமைக் கடலில் தர்ப்பணம் செய்த முதல் உடையார்பாளையத்துக்காரர் என்ற பெயர் அவருக்குக் கிடைக்கும். அங்கே ராத்திரி ஒன்பது மணி வரை வெயில் அடிக்கும் என்று மாமா போனில் சொன்னபோது, அப்படியானால் சாமிக்கு எப்போது விளக்கேற்றுவது என்று அம்மா உண்மையாகவே கவலைப்பட்டாள்.

மாமா பார்த்து வைத்த விமானம் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் கிளம்பக் கூடாது. இங்கிலாந்தோ மேற்கே இருக்கிறது. அப்பா ஜோசியரிடம் ஓடினார். அவர் வழி சொன்னார்: முன்னதாகவே ஒரு நல்ல நாளில் பயணப் பெட்டியை மேற்கே ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும், அன்றே கிளம்பியதாகக் கணக்கு. ஆனால் வெளியே வைத்த பெட்டி, பயணம் போகாமல் வீட்டுக்குள் திரும்பக் கூடாது. அடுத்து வந்த புதன்கிழமையை விட்டால் வேறு நல்ல நாள் இல்லை. விசா வரட்டும் என்று காத்திருக்க அப்பாவுக்குப் பொறுமையும் இல்லை. அப்பா காட்டுக்குப் போயிருந்த நேரத்தில், குறித்த வேளை தவறாமல் அம்மாவே பெட்டியைக் கொண்டுபோய் வைத்தாள்.

வைத்த இடம் பெரியப்பா வீடு.

காட்டு வரப்புத் தகராறில் அப்பாவும் அவருடைய அண்ணனும் பேசி ஐந்து வருடம் ஆகியிருந்தது. அப்பா தெருவே அதிரக் கத்தினார். ஆனால் கத்தத்தான் முடிந்தது. பெட்டியைத் திரும்ப எடுத்துவந்தால் பயணம் கெட்டுவிடும். அவர் பார்த்த சாஸ்திரமே அவர் கையைக் கட்டிப்போட்டது. பெரியப்பா அதைச் சாமி மாடத்துக்குக் கீழே வைத்து, யாரையும் தொடவிடாமல் பார்த்துக்கொண்டார். தெருவில் என்னைப் பார்த்தால், "பொட்டி பத்திரமா இருக்குன்னு ஒங்கப்பங்கிட்ட சொல்லு" என்பார். நான் வந்து சொல்வேன். அப்பா காதில் விழாதவர்போல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

விசா கிடைக்கவில்லை. நாங்கள் ஊர் திரும்புவோம் என்று நம்பிக்கை ஏற்படவில்லையென விசா ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. "முந்திரிக்காட்ட விட்டுட்டு அங்க போயி நான் என்ன பண்ணப்போறேன்?" என்று அப்பா அந்தக் கடிதத்தையே கேட்டார். அம்மா அடுப்படிக்குப் போனாள். இரண்டு நாள் அவள் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் வாசலில் பெரியப்பா வந்து நின்றார்.

"டேய், கடலப் பாக்கக் கெளம்புன பொட்டி பாக்காம வூட்டுக்குள்ள வரக் கூடாது. வேன் சொல்லிட்டேன். அமாவாசைக்குப் பூம்புகார் போறோம்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "அது கெழக்கால்ல இருக்கு, அண்ணே?" என்றார்.

"கடலுக்கு என்னடா கெழக்கு மேற்கு? எல்லாம் ஒரே தண்ணிதான்."

அமாவாசைக் காலையில் வேனை விட்டு இறங்கியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். படத்தில் பார்த்தது ஒன்றுமே இல்லை. படத்தில் இந்தச் சத்தம் இல்லை. பாதிப் பூமி எழுந்து எங்களைப் பார்த்து வருவதுபோல் இருந்தது. பயத்தில் எனக்குக் கைகூப்பத் தோன்றியது, கூப்பினேன். இடுப்பளவு தண்ணீரில் அப்பாவும் பெரியப்பாவும் அலை தள்ளாமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள்.

அம்மா கரையில் பெட்டியின் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவே சிரித்தாள். மாமாவைப் பார்க்க முடியாத துக்கம் என்று நினைத்து, "அடுத்த வருஷம் பாத்துரலாம்மா" என்று தேற்றினேன். அந்தத் துக்கமும் இருந்திருக்கும்.

ஆனால் ஜோசியர் மேற்கே ஒரு வீடு என்றுதான் சொல்லியிருந்தார். எங்களுக்கு மேற்கே அடுத்த வாசலே அம்மாவின் சிநேகிதி வீடு. அந்த வாசலையும், அடுத்த மூன்று வாசல்களையும் தாண்டி, கனத்த பெட்டியைக் கை மாற்றிக் கை மாற்றி அம்மா பெரியப்பா வீடு வரை தூக்கிப்போனபோது நான் அவள் பின்னாலேயேதான் போனேன். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.