பாலாற்றுப் பாலத்தில் ஆடிய வண்டியை நேராக்கினவர்

கர்த்தருக்குள் எனக்கு உறவானவர்களே, போன மே மாதம் என் குடும்பம் பட்ட பயத்தையும், ஆண்டவர் எங்களை அதிலிருந்து கொண்டுவந்து சேர்த்த விதத்தையும் உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. எனக்குப் பிரசங்கம் செய்யத் தெரியாது. ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் அக்கா ரெஜினா அச்சரப்பாக்கத்தில் இருக்கிறாள். அத்தான் காலமாகிவிட்டார். அக்காவுக்குக் குடலில் கட்டி வந்து ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தாள். ஆனால் வயிற்றின் பக்கவாட்டில் ஒரு பை பொருத்தி அனுப்பினார்கள். மலம் அதில்தான் சேரும். அது எப்போது நிறையும் என்று அவளுக்கே தெரியாது. நிறைந்தால் உடனே மறைவான இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும். ஒருமுறை உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் பை கசிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு நாற்காலிக்குப் போனார்கள். அன்றோடு அக்கா வாசலைத் தாண்டுவதை நிறுத்தினாள். ஆலயத்துக்கும் வருவதில்லை.

இந்த நிலையில் அவள் மகள் ஷீபாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் குப்பம். அவர்கள் ஆலயம் சவுக்குத் தோப்புக்கு நடுவே, மணல் பாதையின் முடிவில் இருக்கிறது. சுற்றிலும் ஒரு கழிப்பறை கிடையாது. கேட்டவுடனே அக்கா கையை விரித்தாள்.

"நான் வரல ராணி. அம்மாந் தூரம் ரோட்ல போவணும். அங்க ஊரே கூடி நிக்கும். எனுக்கு அசிங்கமா எதுனா ஆச்சின்னா எம் பொண்ணு கல்யாணமே பாழாயிடும். நீயே அம்மா ஸ்தானத்துல நில்லு."

பக்கத்து அறையில் ஷீபா அழுதது எனக்குக் கேட்டது. தகப்பன் இல்லாத பிள்ளை, தாயும் இல்லாமல் மணவறையில் நிற்பதா?

என் வீட்டுக்காரர் தேவராஜ் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருக்கிறார். அவர் சொன்னார்: "அக்கா வூட்ட விட்டு வராதுன்னா, வூட்டையே இழுத்துகினு போவோம்."

அவருடைய சிநேகிதர் ஒருவரிடம் ஒரு ட்ரெய்லர் வீடு சும்மா நின்றுகொண்டிருந்தது. ஜீப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற சிறிய வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. மணலிலும் மேடு பள்ளத்திலும் போகிற மாதிரி உயரமாக, தடித்த டயர் போட்டுச் செய்தது. எடுத்துக்கொண்டு போ என்று கொடுத்துவிட்டார். அதைப் பார்த்து அக்கா முதன்முதலாக, "அப்படின்னா வரேன்டி" என்றாள். நாங்கள் ஆண்டவருக்கு நன்றி சொன்னோம். வரப்போவது தெரியாது.

மணல் பாதையில் வண்டி இறங்குமா என்று பார்க்க, ஒரு சனிக்கிழமை நானும் அவரும் குப்பத்துக்குப் போய்வந்தோம். போகும்போது ஒரு குறையும் இல்லை. மணலிலும் இறங்கி ஏறியது. அங்கே கைப்பம்பில் தண்ணீர் பிடித்துத் தொட்டியை நிரப்பி, கழிப்பறையைச் சோதித்தோம். திரும்பும்போது கடலோரமாகப் போகிற ஈ.சி.ஆர். வழியாக வந்தோம்.

மாமல்லபுரம் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். ஒரு டிப்பர் லாரி எங்களை ஒட்டிக் கடந்து போனது. அந்தக் காற்றில் ட்ரெய்லர் லேசாக அசைந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். கண்ணாடியில் பார்த்தேன். அது இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது, மறுபடி இடது பக்கம் போனது. ஒவ்வொரு முறையும் வீச்சு அகலமானது. அது எங்கள் ஜீப்பின் பின்பக்கத்தைப் பிடித்து உலுக்கியது. தேவராஜ் ஸ்டியரிங்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒடித்தார். ஆட்டம் கூடியது. பிரேக்கை மிதித்தார். அவ்வளவுதான். ட்ரெய்லர் எங்களைத் தள்ளிக்கொண்டு குறுக்கே திரும்பியது. சாலையோர மணல்மேட்டில் மோதி நின்றோம்.

அந்த நேரம் பின்னால் ஒரு வண்டியும் வரவில்லை. வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் என் உள்ளே எதுவோ முறிந்துபோனது. கண்ணை மூடினால் அந்தக் கண்ணாடியும், அதில் வால் வீசுகிற வெள்ளை வண்டியும்தான். பள்ளி வேனை வேகத்தடை மேல் ஏற்றினாலே கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

செய்தி கேட்டு அக்கா போன் செய்தாள். "போதும் ராணி. எனுக்காவ நீங்க சாவ வேணாம். நான் வூட்லயே இருந்து ஜெபம் பண்ணிக்கிறேன்." அவள் குரலில் அழுகைகூட இல்லை. அதுதான் எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது. கல்யாணத்துக்கு இருந்த நாட்களோ கொஞ்சம். அவர் கையால் ஓட்ட முடியாது. ஓட்டுவதென்றால் நான்தான் ஓட்ட வேண்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

அந்த நாட்களில் எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்றால் இது ஒன்றுதான் வரும். "ஆண்டவரே, அது ஏன் ஆடியது என்று மட்டும் காட்டும். காரணம் தெரியாமல் அந்தக் கொக்கியை நான் மாட்டமாட்டேன்." இவ்வளவுதான் கேட்டேன். காலையிலும் அதே, வேனில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியில் திரும்பும்போதும் அதே.

ஒருநாள் காலையில் தெருவிலிருந்து அவர் கத்தினார்.

"ராணி! சீக்கிரம் வா! இத்த பாரு!"

பதறி ஓடினேன். ட்ரெய்லரை விபத்தன்று இழுத்துவந்து நிறுத்தியபடியே விட்டிருந்தோம். அதன் முன்தண்டை, அதாவது கொக்கியில் உட்காருகிற மூக்கை, அவர் வலது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயோ, கைய இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

"ஒத்தக் கையில தூக்கினு நிக்கிறேன் பாரு. இம்மாம் பெரிய வண்டி. இது இப்டி தூக்க வரவே கூடாது. மூக்கு கனமா கொக்கி மேல உக்காரணும்."

"அப்ப பாரமெல்லாம் எங்க போச்சி?"

"பின்னால கீது. தண்ணித் தொட்டி பின்னால. ஸ்டெப்னி பின்னால. ஜெனரேட்டர நான்தான் கடைசில கொண்டுபோய் கட்டினேன். போம்போது தொட்டி காலி, ஒண்ணும் ஆவல. வரும்போது ரொப்பிகினு வந்தோம். வாலு கனமாச்சி. ஆடாம இன்னா பண்ணும்?"

பிரியமானவர்களே, இரண்டு கையும் நன்றாக இருந்திருந்தால் அவர் இரண்டு கையாலும் தூக்கியிருப்பார். வித்தியாசம் தெரிந்திருக்காது. ஆண்டவர் அந்த முறிந்த கையைக் கொண்டே எங்களுக்குக் காட்டினார் என்று நான் விசுவாசிக்கிறேன். நடுத்தெரு என்றும் பாராமல் அங்கேயே நின்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

மொத்தக் கனத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் கொக்கியின்மேல் இருக்க வேண்டுமாம். தண்ணீரை வடித்துவிட்டு, ஜெனரேட்டரையும் ஸ்டெப்னியையும் சக்கரங்களுக்கு முன்னால் கொண்டுவந்து கட்டினோம். தண்ணீரைக் கேன்களில் பிடித்துக் கட்டிலுக்கடியில், அதுவும் முன்பக்கமாக வைத்தோம். டயர்களுக்குக் காற்று சரிபார்த்தோம். ஆட்டத்தை இறுக்கிப் பிடிக்க ஜீப்புக்கும் முன்தண்டுக்கும் நடுவே பட்டறையில் ஓர் இரும்புச் சட்டம் போட்டார்கள். ட்ரெய்லருக்குத் தனியாகப் பிரேக் இருந்தது, ஒயர் அறுந்து கிடந்தது. அதையும் சரிசெய்து, டேஷ்போர்டின் நடுவில் அதற்கொரு சின்ன லீவர் வைத்தோம்.

எல்லாம் ஆயிற்று. ஆனால் என் கால்?

வீடு கட்டாத மனைகளுக்கு நடுவே இருக்கும் ரோட்டில் அவர் எனக்குப் பழக்கம் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எதிர்பாராத நேரத்தில் "ஆடுது!" என்று கத்துவார். நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேறொன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். ஜீப்பின் பிரேக்கை மிதித்தால் ட்ரெய்லர் எங்களைத் தள்ளிக்கொண்டு இன்னும் ஆடுமாம். அவர் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடிப்பார். ஒவ்வொரு தடவையும் என் கால் பிரேக்கில்தான் போய் விழுந்தது. இத்தனை வருடம் பிள்ளைகளை ஏற்றி ஓட்டியவளுக்கு ஆபத்து என்றால் பிரேக்தானே? "மிதிக்காத, மிதிக்காத" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசிவரை எனக்கு வரவில்லை.

அன்றிலிருந்து என் ஜெபம் மாறியது. "ஏசப்பா, என் காலைப் பிடித்துக்கொள்ளும்." கேட்டால் சிரிப்பு வரும். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் அச்சரப்பாக்கத்தில் அக்காவை ஏற்றினோம். அவளை வரவைக்க ஷீபா காலைப் பிடித்துக் கெஞ்ச வேண்டியிருந்தது; சம்மதம் வாங்கிய பிறகே அவள் உறவுக்காரர்களோடு முன்னால் குப்பத்துக்குப் புறப்பட்டாள். ட்ரெய்லரில் ஆள் ஏறிப் பயணம் செய்யக்கூடாது. அதனால் ஜீப்பின் பின் சீட்டில்தான் உட்கார்ந்தாள், முந்தானையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு. வழியில் மதுராந்தகத்தில் ஓரமாக நிறுத்தினோம். அவள் ட்ரெய்லருக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, நிதானமாகத் திரும்பி வந்தாள். "நம்ம வூட்டு மாதிரியே கீது" என்றாள். எனக்குக் கண் நிறைந்தது. ஆனாலும் பயத்தில் ஐம்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த வண்டியெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனது.

பாலாற்றுப் பாலம் வந்தது. மே மாதம், ஆற்றில் மணல்தான். அந்த மதிய நேரத்தில் கடல்காற்று குறுக்கே அடித்துக்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் இருக்கும்போது ஓர் ஆம்னி பஸ் வலப்பக்கம் எங்களைத் தாண்டியது. அது மறைத்திருந்த காற்று மொத்தமாக வந்து ட்ரெய்லரை அறைந்தது.

சீட்டுக்கடியில் அந்தப் பழைய உலுக்கல். கண்ணாடியில் வெள்ளை வண்டி இடது பக்கம் போனது. கைப்பிடிச் சுவர் அவ்வளவு பக்கத்தில். வலது பக்கம் வந்தது.

செய்ய வேண்டியதெல்லாம் செய்தோமே! ஆனாலும் ஆடியது.

"ஏசப்பா!" என்று கத்தினேன். வேறு வார்த்தை இல்லை. என் வலது கால் எழும்பியது. பிரேக்குக்குத்தான் போகிறது என்று எனக்கே தெரிந்தது. போகவில்லை. அந்தரத்தில் நின்றது. யாரோ கணுக்காலைப் பிடித்துக்கொண்டதுபோல நின்றது. கைகள் ஸ்டியரிங்கில் நேராக இருந்தன, ஒரு பக்கமும் திரும்பவில்லை.

"அப்டியே! அப்டியே புடி! ஒண்ணும் பண்ணாத!" தேவராஜ் நல்ல கையால் லீவரை மெல்ல அழுத்தினார். பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்ததுபோல வண்டி பின்னால் இழுபட்டது. இன்னொரு வீச்சு வந்தது, முன்னதைவிடச் சின்னது. அடுத்தது இன்னும் சின்னது. பிறகு ட்ரெய்லர் எங்களுக்கு நேர் பின்னால், ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

பாலம் முடிந்து அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டினேன். இறங்கிப் பின்னால் போய் ட்ரெய்லரைத் தொட்டுப் பார்த்தேன். அக்கா கதவைத் திறந்து இறங்கி வந்தாள். லாரியும் பஸ்ஸும் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டோரத்தில், அத்தனை பேர் பார்க்க, வயிற்றிலிருந்து கையை எடுத்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"திரும்பிடலாமா அக்கா?" என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன்.

"எதுக்கு திரும்பணும்? அவரு புடிச்சிகினு கீறாரு இல்ல? ஏறு. எம் பொண்ணு காத்துகினு இருப்பா."

தேவராஜ் கொக்கியையும் சங்கிலியையும் சட்டத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மறுபடி ஏறினோம். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், அப்புறம் கடற்கரை. வழியெல்லாம் எனக்குப் பயம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயந்துகொண்டே ஓட்ட முடிந்தது.

மறுநாள் அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பாஸ்டர் ஆசீர்வாத ஜெபம் தொடங்குவதற்கு முன், எல்லாரும் பாட்டுப் பாடும்போது அவள் மெதுவாக எழுந்து, தோப்பு நிழலில் நிறுத்தியிருந்த ட்ரெய்லருக்குப் போனாள். பாட்டு முடிவதற்குள் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். ஒருவரும் கவனிக்கவில்லை. ஷீபா மட்டும் முக்காட்டுக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்து, தாய் வந்துவிட்டாள் என்று கண்டு, முன்னால் திரும்பினாள்.

இப்போது அக்கா ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறாள், ஆட்டோவில், தனியாக. அந்த ட்ரெய்லரை எப்போதாவது கேட்டு வாங்கி எடுக்கும்போது, நான் இன்றைக்கும் கொக்கியை மாட்டுமுன் முன்தண்டைத் தூக்கிப் பார்க்கிறேன். கனமாக இருந்தால் ஸ்தோத்திரம். இலேசாக வந்தால் பாரத்தை மாற்றி வைக்காமல் கிளம்புவதில்லை. இரண்டும் எனக்கு ஜெபத்தோடு சேர்ந்த வேலைதான்.

இதை வாசிக்கிற தாயே, தகப்பனே, உங்கள் வீட்டிலும் வெட்கத்தால் வாசலைத் தாண்டாத ஒருவர் இருக்கலாம். பயத்தால் கை நடுங்குகிற ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். பெரிய ஜெபம் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஏன் ஆடுகிறது என்று கேளுங்கள். காலைப் பிடித்துக்கொள்ளும் என்று கேளுங்கள். என் காலைப் பிடித்தவர் உங்கள் காலையும் பிடிப்பார். அவரை நம்பி வண்டியை எடுங்கள்.