கனகசபாபதியின் கிரகணப் படம்

எங்கள் பக்கத்து வீட்டுக் கனகசபாபதி சுன்னாகம் மின்நிலையத்தில் ஸ்டோர்கீப்பர். கோயிலுக்குப் போவார், விரதமும் பிடிப்பார். ஆனால் வானத்தைப் பற்றி யாராவது ராகு, கேது என்று விசர்க்கதை கதைத்தால் லேசில் விடமாட்டார். கப்பல் யன்னலின் தடித்த கண்ணாடி ஒன்றை வருசக்கணக்காகத் தேய்த்துக் குழிவாக்கி, வெள்ளி பூசி, தகரக் குழாயின் அடியில் பொருத்தித் தொலைநோக்கி செய்து வைத்திருந்தார். அதில் கமராவைப் பூட்டிக் கிணற்றடியில் நின்று சந்திரனைப் படம் பிடிப்பார். கமராப் பொத்தானை அமத்தினால் குழாய் ஆடிவிடும். அதனால் குழாய் வாயை ஓர் அட்டையால் மூடிவைத்து, சட்டென்று விலக்கித் திரும்ப மூட வேண்டும். அந்த வேலைக்கு மூத்த மகள் பத்மாவதிதான் சரி. கை நடுங்காது.

எண்பதாம் ஆண்டு மாசியில் சூரிய கிரகணம் வந்தது. பத்மாவதி கலியாணமாகி, அப்போது இரண்டு மாதம் முழுகாமல் இருந்தாள். ஊரில் பிள்ளைத்தாய்ச்சிகளை அறைக்குள் விட்டு யன்னலையும் அடைத்துவிட்டார்கள். இந்த மனுசன் மகளை முற்றத்துக்குக் கூப்பிட்டார். அவளும் சிரித்துக்கொண்டு வந்தாள். குழாய்க்கு முன்னால் வெல்டிங் கண்ணாடி வைத்துப் பிடித்த படம் திறமாக வந்தது. கடித்து வைத்த தோசை மாதிரிச் சூரியன்.

ஆவணியில் பிறந்த ஆண்பிள்ளைக்கு மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது.

ஊர் வாய் சும்மா கிடக்குமா? கிரகணம் வெறும் நிழல், நிழல் உதட்டைப் பிளக்காது என்று கனகசபாபதி எல்லாரோடும் சண்டை பிடித்தார். டாக்குத்தரும் அதைத்தான் சொன்னாராம். ஆனால் குடும்பத்தில் முன்பு யாருக்காவது இப்படி இருந்ததா என்றும் கேட்டாராம். அந்தக் கேள்விதான் குடியைக் கெடுத்தது. மாப்பிள்ளை பரமலிங்கத்தின் தாய் சின்னத்தங்கம் அதைப் பிடித்துக்கொண்டாள். கிரகணம் இல்லையென்றால் பெண்ணின் இரத்தத்தில்தான் பழுது, இனிப் பிறப்பதும் இப்படித்தான் என்று, மாமனார் வீட்டோடு இருந்த மகனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். வேறு பெண் பார்ப்பதாகவும் கதை அடிபட்டது. முலை பிடிக்க முடியாத பிள்ளைக்குக் கரண்டியால் பால் பருக்கியபடி பத்மாவதி அழுவாள்.

முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிவுக்குச் சின்னத்தங்கமும் பரமலிங்கமும் வந்தார்கள், உறவு முறிக்கத்தான். கனகசபாபதி எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்றார்.

“பிழை என்ரை, சம்பந்தி. கிரகணத்துக்குள்ளை மகளை வெளியிலை கூப்பிட்டது நான்தான். எங்கடை வழியிலை ஒருத்தருக்கும் உப்பிடி இல்லை.”

சொன்ன கையோடு அலவாங்குக் கம்பியை எடுத்துக்கொண்டு போய்த் தொலைநோக்கிக் கண்ணாடியை நொறுக்கினார். சின்னத்தங்கத்தின் முகம் இளகியது. பரமலிங்கம் அன்றைக்கே பெண்சாதியோடு தங்கிவிட்டான்.

கிரகணத்தால் வந்ததென்று அவர் ஒப்புக்கொண்டது பொய்யென்று எனக்குத் தெரியும். ஒரு பொய்யால் ஒரு குடும்பம் நிமிர்ந்ததே என்று எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

அடுத்த நாள் பேரனைத் தூக்க அவர் கை நீட்டினார். பத்மாவதி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னுக்குப் போனாள்.

“இப்பிடி வருமெண்டு தெரிஞ்சுகொண்டோ ஐயா என்னைக் கூப்பிட்டனீங்கள்? இனி இவனைத் தொடாதையுங்கோ.”

பரமலிங்கம் பக்கத்தில் நின்றான். கனகசபாபதி அவனை ஒருதரம் பார்த்தார்.

“ஓம் பிள்ளை” என்றார்.