மண் சரிந்த வளைவில் முருகன்

எழுபதுகளின் கடைசி, ஐப்பசி மழைக்காலம். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் என் மனைவி செல்லம்மாவுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை என்று ஒருவர் நடந்தே இறங்கி வந்து சொன்னார். நான் போடியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். மலைப்பாதையில் மண் சரிந்து, பஸ், ஜீப் எல்லாம் கீழேயே நின்றுவிட்டன.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். எந்த வேலையிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. என்னைப் பொறுத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான். அவளும் போய்விட்டால்?

வாடகை சைக்கிள் எடுத்தேன். மலையடிவாரத்து முந்தல் தாண்டியதும் ஏற்றம். எழுந்து நின்று மிதித்தேன். முடியாத இடத்தில் தள்ளினேன். வளைவுக்கு வளைவு, கீழே கண்மாய்கள் வெயிலில் மின்னின. அன்றைக்கு அந்த அழகே எரிச்சலாக இருந்தது. பாதி மலையில், ஒரு வளைவுக்குச் சற்று மேலே, இடுப்பளவு மண் பாதையை அடைத்துக் கிடந்தது. ஆட்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளைத் தோளில் தூக்கிக் கடந்தேன். "முருகா, நான் அவளைக் கூட்டி வருவதற்குள் இந்த மண்ணை எடுத்துவிடு" என்று அழுதேன்.

தோட்டம் போய்ச் சேர்ந்தபோது, செல்லம்மாவால் எழுந்து நிற்க முடியவில்லை. பாரத்தோடு சைக்கிளில் மலை இறங்குகிறவர்கள் பின்னால் ஒரு மரக்கட்டையைக் கட்டி இழுத்து வருவார்கள். பிரேக் மட்டும் போதாது. நானும் கட்டினேன், கையில் கிடைத்த பழைய கயிற்றில்.

"மாப்ளே, அது தேஞ்சு அந்துரும். கம்பி கொண்டாறேன், செத்த இரு" என்றார் கங்காணி.

"இருக்க நேரமில்ல மச்சான்."

அவளைப் பின்னால் உட்காரவைத்து, சேலையால் என் முதுகோடு சேர்த்துக் கட்டினேன். "விழுந்தாலும் ஒண்ணாத்தான் விழணும்னு கட்டிட்டீகளாக்கும்?" என்றாள். அந்தக் காய்ச்சலிலும் குறும்பு.

நாலைந்து வளைவு இறங்கியதும் கயிறு அறுந்தது. பிரேக் பிடிக்கவில்லை. சைக்கிள் பறந்தது. எதிரே வளைவு, அதற்கப்பால் பள்ளம். "முருகா!" வேறு வார்த்தை வரவில்லை. வளைவுக்கு முன்னால் அந்த மண் அப்படியே கிடந்தது. சக்கரம் அதில் புதைந்து நின்றது. இருவரும் சேற்றில் சாய்ந்தோம். ஒரு கீறல் இல்லை.

மண் அள்ளியவர்கள் அவளைத் தூக்கி, அந்தப் பக்கம் நின்ற, அவர்கள் வந்த ஜீப்பில் ஏற்றினார்கள். "வெரசா ஏறுங்கண்ணே!" என்று டிரைவர் கத்தினார். போடி ஆஸ்பத்திரியில் எட்டாம் நாள் அவள் கஞ்சி கேட்டாள்.

நான் என்ன வேண்டினேன் என்று அப்போதுதான் சொன்னேன். "நான்தான் உங்க பேச்சக் கேக்கறதில்லைன்னு பார்த்தா, முருகனும் கேக்கல" என்று சிரித்தாள்.

அதன்பின் நான் ஊர் சுற்றவில்லை. அதே தோட்டத்தில் அவளோடு வேலைக்குச் சேர்ந்தேன். இது பத்தாவது வருஷம்.

கேட்டது நடக்கவில்லையே என்று கசந்து நிற்கிறவர்களே, நானும் கேட்டது கிடைக்காதவன்தான். முருகனை விட்டுவிடாதீர்கள். இன்னும் ஒரு வளைவு பொறுங்கள்.