குதிரைவீரன் காசு

பழைய ஐரோப்பிய வெள்ளிக்காசுகள் மேல் எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சேரன்மகாதேவியில் குமாஸ்தாவாக இருந்த நாட்களில், தட்டார் கடைக்கு உருக்க வரும் காசுகளைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவிடுவேன். "செத்த ராசா மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருங்க, வீட்ல ஒருத்தி உயிரோட இருக்கேன்" என்பாள் என் மனைவி. அவள் சொன்னதில் நியாயம் உண்டு.

நான் மிகவும் ஏங்கியது ஒரு டச்சுக் காசுக்கு. போன நூற்றாண்டுக்கும் முந்தையது. குதிரைமேல் ஒரு வீரன் வாளை ஓங்கியபடி இருப்பான். புன்னைக்காயலில் ஒரு தோணிக்காரர் வீட்டில் அது இருப்பதாக ஏரலில் ஒரு தட்டார் சொன்னதும் ஓடினேன்.

தோணிக்காரரின் மனைவி மட்டும் இருந்தாள். காசைச் சிலுவைக்குக் கீழே மாடத்தில் வைத்து மெழுகுதிரி ஏற்றியிருந்தாள். "சந்தியாகப்பர்" என்றாள். அந்தப் புனிதரும் குதிரைமேல் வாளோடு வருபவர் என்பதால் டச்சு வீரன் அங்கே சந்தியாகப்பராகிவிட்டான். கொழும்புக்குப் போன புருஷன் ஒரு வருஷமாகத் திரும்பவில்லை. அவருக்காகத்தான் அந்த வேண்டுதல்.

விலை கேட்டேன்.

"சாமிய விக்கச் சொல்லுதியளா?" என்றாள். என் முகம் வாடியதைப் பார்த்து இரங்கியிருக்க வேண்டும். "அவுக வரட்டும். வந்தன்னைக்கு ஒங்களுக்குச் சும்மாவே தாறேன்."

இது சந்தியாகப்பர் இல்லை என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சொல்லிவிட்டால் பிறகு அவள் யாரிடம் வேண்டுவாள்? வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்.

அதிலிருந்து நானும் காத்திருந்தேன். தூத்துக்குடிக்குப் போனால் துறையில் நின்று, தோணியிலிருந்து இறங்கும் ஆண்களின் முகங்களைப் பார்ப்பேன். அவரை நான் கண்டதே இல்லை. ஆரம்பத்தில் எல்லாம் காசுக்காகத்தான். போகப்போகக் காசு மறந்துபோய், கூடப்பிறந்தவனைத் தேடுவது போல அந்த மனிதரைத் தேடினேன். புன்னைக்காயலுக்கும் அவ்வப்போது போவேன். "வந்துட்டாகளா?" என்பேன். "இன்னும் இல்லய்யா" என்பாள்.

சில வருஷங்கள் இப்படியே போயின. ஒருநாள் நான் வாசலில் நின்று கேட்பதற்கு முன்பே உள்ளே போய்க் காசை எடுத்துவந்து என் கையில் வைத்தாள்.

"எடுத்துக்கிடுங்கய்யா. ஒங்கள எத்தன நாளைக்கு அலைய விட?"

குதிரையின் பிடரிமயிர்கூடத் தேயவில்லை. அப்படி ஒரு காசை அதற்கு முன்னும் பின்னும் நான் தொட்டதில்லை. வைத்துக்கொள்ள எவ்வளவு ஆசையாக இருந்தது! ஆனால் வாங்கிக்கொண்டால் அவர் இனி வரமாட்டார் என்று நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அவள் கையிலேயே திருப்பி வைத்தேன்.

"அவுக இன்னும் வரலையே தாயி. வந்த பெறகு வாங்கிக்கிடுதேன்" என்றேன்.

அத்தனை வருஷத்தில் அன்றுதான் அவள் என் முன்னால் அழுதாள்.