மறுகோடியில் களை பறித்தவர்

இதைக் கட்டுக்கதை என்று சொல்கிறவர்களுக்கு நான் விளக்கம் கொடுப்பதாயில்லை. பேய் என்றால் நள்ளிரவில், நாய் ஊளையிட, வெள்ளைத் துணி உடுத்தி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் வேறெங்காவது போய்ப் படித்துக்கொள்ளட்டும். இது நடந்தது ஜூன் மாதத்து வெயிலில், பட்டப்பகலில், மேற்கு வர்ஜீனியாவின் மலைச்சரிவில் இருக்கும் ஒரு வீட்டுக் கொல்லையில். நடந்தது வெண்டல் கட்லிப் என்பவனுக்கு. அவன் பொய் சொல்லக்கூடியவன்தான். ஆனால், தன்னைத் தாழ்த்தும் பொய் எதையும் அவன் வாழ்நாளில் சொன்னதில்லை. ஆகவே நான் நம்புகிறேன்.

தன்னைத் தவிர உலகில் எவனுக்கும் வேலை தெரியாது என்பது வெண்டலின் உறுதியான கொள்கை. அவன் தங்கை நேடீன் அந்த வீட்டை வாடகைக்குப் பிடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. எல்லாம் ஜோசிக்காக. அவர்களுடைய கடைசித் தங்கை போதை மாத்திரைப் பழக்கத்தால் சிறைக்குப் போய்விட, அவள் பெற்ற ஐந்து வயதுப் பெண் ஜோசி அரசின் பொறுப்பில் யாரோ அந்நியர் வீட்டில் வளர்ந்துவந்தாள். திங்கட்கிழமை குழந்தைநல அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் வருவார். வீட்டையும் கொல்லையையும் பார்ப்பார். குழந்தை நடமாடத் தகுந்த இடம் என்று அவருக்குப் பட்டால் ஜோசி பெரியம்மாவிடம் வருவாள். படாவிட்டால் வெளியூரில் வேறொரு குடும்பத்துக்குப் போய்விடுவாள்.

கொல்லையோ காடாய்க் கிடந்தது. ஆளுயரக் களை. அதற்குள் முட்புதர். அனைத்தையும் மூடிக்கொண்டு விஷக்கொடி. மூன்று மூன்றாய்ப் பளபளக்கும் இலைகள். இலையிலும் தண்டிலும் வேரிலும் பிசின். அந்தப் பிசின் பட்ட தோல் சில நாளில் கொப்புளித்து வழியும்.

சனிக்கிழமை காலை வெண்டல் இரு கைகளிலும் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைகளை மாட்டி, மணிக்கட்டில் ஒட்டுநாடா சுற்றிக்கொண்டு நின்றான்.

"இதுக்குள்ள மனுஷன் குடியிருந்தான்னா கழுதைகூட நம்பாது. உனக்கு முன்னாடி யாரு இருந்தா?"

"டெல்ஃபியான்னு ஒருத்தியாம். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி. அப்புறம் வந்த யாரும் நெலைக்கலையாம்," என்றாள் நேடீன்.

"ஒரு நாளாவது குனிஞ்சு ஒரு புல்லப் புடுங்கியிருப்பாளா? சரியான சோம்பேறி."

"கொளுத்திட்டா சீக்கிரம் முடிஞ்சிராதா வெண்டல்?"

"கொளுத்து. அந்தப் புகை உள்ள போனா நெஞ்சுக்குள்ளயே கொப்புளம் போடும். ஜோசி வர்றப்ப உன்னப் பொட்டியில வெச்சுக் காட்டிரலாம்."

நேடீன் உணவகத்து வேலைக்குப் போய்விட்டாள். வெண்டல் வீட்டுப்படியிலிருந்து தொடங்கினான். களையைத் திட்டினான். வெயிலைத் திட்டினான். காணாத டெல்ஃபியாவை இன்னும் அதிகமாகத் திட்டினான்.

மதியம் சோளரொட்டியைத் தின்றுவிட்டுக் குனிந்தபோதுதான் அந்த ஓசை கேட்டது.

பட்.

வேர் அறுபடும் ஓசை. கொல்லையின் மறுகோடியில், வேலியோரத்தில்.

பட்... பட்...

புதர் அடர்த்தியில் ஆள் தெரியவில்லை. வெண்டலுக்குச் சிரிப்பு வந்தது. வேலிக்கு அப்பால் ஓர்வல் ஸ்கீன்ஸ் என்றொரு கிழவன் இருந்தான். விடிந்தால் அடைந்தால் வாசல் நாற்காலியை விட்டு எழாதவன்.

"என்ன பெருசு, நாற்காலி ஒடஞ்சு போச்சா?"

பதிலாக வந்தது ஓர் இருமல் மட்டும். ஈரமான, குறுகிய இருமல்.

"மொதல்ல சிகரெட்ட விட்டுத் தொலை. செத்து கித்துப் போனா உன்ன வேற நான்தான் தூக்கணும்."

பட்... பட்...

வேலி மெல்ல மெல்ல வெளியே தெரிந்தது. அதன் அடியில் இருந்த கற்களின்மேல், பிடுங்கிய கொடிகள் வரிசையாகக் கிடந்தன. எல்லா வேர்களும் வானம் பார்த்திருந்தன. மண்ணைத் தொட்டால் மறுபடி பிழைத்துவிடும் என்று அஞ்சியவர் வைத்தாற்போல. வெண்டல் தன் குவியலைத் திரும்பிப் பார்த்தான். குப்பை. அது அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஆமா, பாய் முடையறாரு துரை," என்று முணுமுணுத்தான்.

அப்போது கட்டைவிரல் பருமனுள்ள கொடி ஒன்று கையில் அகப்பட்டது. மயிர் அடர்ந்த கொடி. பற்றி இழுத்தான். வந்தது.

பிறகு... திரும்ப இழுபட்டது.

வேரின் பிடி அன்று. வேருக்குப் பொறுமை தெரியாது. இது நிதானமாக இழுத்தது. நிறுத்தியது. மீண்டும் இழுத்தது.

"வெளையாடாத ஓர்வல்."

கொடி தளர்ந்தது.

ஓசை வேகமெடுத்தது. பட் பட் பட் பட். கிழவன் கைகளுக்கு அந்த வேகம் வராது என்பது வெண்டலுக்கு அப்போதுதான் உறைத்தது. பறவை ஒன்றும் கத்தவில்லை. கத்துவதை எப்போது நிறுத்தின? அவன் கவனிக்கவில்லை.

இருவருக்கும் இடையில் ஒரே ஒரு புதர் மிஞ்சியது.

அதற்கு அப்பால் மூச்சு இரைத்தது.

வெண்டல் கையை நீட்டினான். புதரை விலக்கினான்.

யாரும் இல்லை.

வேலிவரை வெறும் மண். ஒரு களை இல்லை. ஓர் இலை இல்லை. கற்களின்மேல் கிடந்த கொடிகளும் இல்லை. கிளறிய மண் இன்னும் ஈரமாக இருந்தது. அதில் ஒரு காலடியும் இல்லை.

இருமல் கேட்டது...

அவன் காதருகே.

திரும்பவில்லை. ஓடினான். பிக்கப் வண்டியில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டான். அந்த வெயிலில் அவனுக்குப் பல் கிட்டியது.

மாலையில் நேடீன் வந்து கொல்லையை வேலிவரை நடந்து பார்த்தாள்.

"இத்தனையும் நீ ஒருத்தனேவா?"

"பின்ன, அந்த ஓர்வலா வந்து புடுங்குவான்?" என்றான் வெண்டல். வெட்கங்கெட்டவன்.

திங்கட்கிழமை வந்த அம்மையார் கொல்லையைப் பார்த்துத் தலையசைத்தார். அன்றே ஜோசி வந்து சேர்ந்தாள். வெண்டல் அந்தப் பக்கமே போகவில்லை. வேலை அதிகம் என்றான். அடுத்த வாரம் நேடீன் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஜோசி கையில விஷக்கொடி பட்டிருக்கு. வலது கையில மட்டும்."

"கொல்லையிலதான் ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணும் இல்ல. நான் முட்டி போட்டுத் தேடிட்டேன். வெண்டல்... பொறங்கையில குறுக்கால நாலு கோடு. கொப்புளம் கொப்புளமா. யாரோ கையப் புடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போன மாதிரி."

வெண்டல் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே ஓர்வலின் வாசலில் போய் நின்றான். பயத்தை வசையாக மாற்றிக்கொள்வது அவனுக்குக் கைவந்த கலை.

"போன சனிக்கு முந்தின சனிக்கிழமை வந்து அரைகொறையா வேலை செய்யணும்னு உன்ன யாரு பெருசு கூப்பிட்டா? கொடிய எங்க போட்ட? கொழந்த கை வெந்து கெடக்கு."

ஓர்வல் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"நானா? எனக்குக் குனிய முடியாமப் பத்து வருஷமாச்சு தம்பி. அந்தச் சனிக்கிழமை நான் ஊர்லயே இல்ல. முட்டி ஆபரேஷன் முடிஞ்சு மக வீட்டுல படுத்துக் கெடந்தேன்."

"அப்ப வேலியோரமா இருமிக்கிட்டே புடுங்கினது யாரு?"

தேநீர்க் குவளை ஓர்வலின் உதட்டருகே நின்றுவிட்டது. மெல்லக் கீழே வைத்தான்.

"இருமலா..." என்றான். "அந்த வீட்டுல டெல்ஃபியான்னு ஒருத்தி இருந்தா. அவ பொண்ண அரசாங்கம் கூட்டிட்டுப் போயிருச்சு. கொல்லையச் சுத்தம் பண்ணு, புள்ளையத் திருப்பித் தரோம்னாங்க. ஒண்டியா வேலியோரத்துலேர்ந்து புடுங்கிட்டு வந்தா. பாதிகூட முடியல, நாள் நெருங்கிருச்சு. மிச்சத்துக்கு நெருப்பு வெச்சுட்டா. அந்தப் புகைய முழுங்கி... இருமி இருமியே போய்ச் சேந்தா."

"அந்தப் பொண்ணு?"

"திரும்பி வரவேயில்ல. அஞ்சு வயசு அப்போ."

வெண்டல் வேலிக்கு அப்பால் பார்த்தான்.

வெயில் கொளுத்தியது. துடைத்து வைத்தாற்போன்ற கொல்லையில் ஜோசி நடந்துகொண்டிருந்தாள். கட்டுப்போட்ட வலது கை மட்டும் தோளுக்கு மேலே உயர்ந்திருந்தது. பெரியவர் ஒருவரின் கையைப் பற்றி நடக்கும் குழந்தைக்கு உயர்ந்திருக்குமே, அப்படி.

"ஜோசி!" என்றான். "இங்க வாடா செல்லம். மாமாகிட்ட வா."

குழந்தை நின்றாள்.

அவனைப் பார்க்கவில்லை.

தனக்கு வலப்பக்கம், தலைக்கு மேலே, அண்ணாந்து பார்த்தாள். உத்தரவு கேட்பதுபோல.

பிறகு வெண்டலின் பக்கம் திரும்பி, வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.