முப்பத்தாறு இஞ்சு

கிளியூர் முனியப்பன் டீ வாங்கினால் முதலில் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், பழைய தூளைக் கொதிக்கவைத்துக் கொடுத்துவிட்டார்களோ என்று. வியாபாரி காப்பிப் பழத்தை எடைபோடும்போது தராசுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். குனிந்து குனிந்தே முதுகு வளைந்துவிட்டது என்பாள் அவர் மனைவி கண்ணாயி.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள் சசிகலா, ஏற்காட்டு ஹோட்டலில் வேலைக்கு வந்த சேலத்துக்காரன் தமிழ்செல்வனைக் கட்டிக்கொண்டு மலையிலிருந்து கீழே போய்விட்டாள். இப்போது ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர நாள் குறித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மருமகன் ஃபோன் செய்தான்.

“மாமா, அவ படுக்கற ரூம்ல ஒரு ஃபேன் மாட்டிருங்க.”

முனியப்பனுக்குச் சுருக்கென்றது. சித்திரையிலும் போர்வை போர்த்துகிற ஊரில் ஃபேன் எதற்கு?

“இது சாக்கு. இன்னிக்கு ஃபேன் இல்லம்பான், நாளைக்கு ரோடு சரியில்லம்பான். புள்ளைய அங்கயே வெச்சுக்கப் பாக்கறான்” என்றார் கண்ணாயியிடம்.

மகள் வந்து நாலு மாதமாவது பக்கத்தில் இருக்க வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை. அதனால் சம்பந்தி வீட்டார் யாரும் குறை சொல்ல முடியாத ஃபேனாக மாட்டிவிடுவது என்று கிளம்பினார்.

ஏற்காட்டில் எலெக்ட்ரிக் கடை வைத்திருந்த பாலசுப்பிரமணியமும் சேலத்துக்காரர்தான். அதுவே முனியப்பனுக்கு உறுத்தியது.

“ரூம் என்ன அளவுங்க?”

“எட்டடிக்கு ஒம்போது. காலால அளந்துட்டுத்தான் வந்தேன்.”

“அப்ப முப்பத்தாறு இஞ்சு போதுங்க. பரண் கிரண் இருக்குதுங்களா?”

பரணைப் பற்றி இவனுக்கென்ன? மலையில் யாரும் பரணை அறையோடு சேர்த்துச் சொல்வதில்லை. அது ராகிக்கும் விதைக்கும் உள்ள இடம். விற்காத சின்ன ஃபேனை நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று முனியப்பன் நினைத்தார்.

“எங்க சம்பந்தி ஊட்ல எது சுத்துதோ அதக் குடுங்க. நாப்பத்தெட்டு.”

மாட்ட வந்த எலெக்ட்ரீசியன் மாதேஷ் மேலே பார்த்ததும் தலையைச் சொறிந்தான். “ஏனுங்க, ரெக்கை பரண்ல இடிக்குமுங்க.”

கடைக்காரனுக்கு வேண்டியவன் போலிருக்கிறது! “நீ மாட்டு சாமி” என்றார்.

ஃபேன் கிளம்பி, பரணிலிருந்து துருத்திக்கொண்டிருந்த ராகி மூட்டையைக் கிழித்தது. முனியப்பன் தலையில் ராகி மழையாகக் கொட்டியது. ஒரு ரெக்கை வளைந்தே போனது. கண்ணாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். மறுநாள் முனியப்பன் யாரிடமும் சொல்லாமல் போய் முப்பத்தாறு வாங்கி வந்தார்.

சசிகலா வந்த அன்று நல்ல மூடுபனி. அவள் உள்ளே போய்ப் படுத்ததும், வாசலில் சால்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த மருமகனைப் பார்த்து முனியப்பனுக்குக் குஷியாகிவிட்டது. பிடித்துவிட்டோம் ஆளை!

“ஏனுங்க மாப்பிள்ளை, இந்தக் குளுருக்கா ஃபேன் கேட்டீங்க?”

“எனக்கெதுக்குங்க மாமா? சசிகலாதான். ஃபேன் சத்தமில்லாம இப்பல்லாம் அவளுக்குத் தூக்கம் வர்றதில்லைங்க. அவ கேட்டா நீங்க வருத்தப்படுவீங்கன்னு என்னைக் கேக்கச் சொன்னா.”

மருமகன், கடைக்காரர், மாதேஷ் என்று ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. மகளைச் சந்தேகப்பட மட்டும் தோன்றவே இல்லை. இந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்த வீட்டில் தூக்கம் வராதா?

எழுந்துபோய் அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, சசிகலா கண்ணை மூடிக் கிடந்தாள். காலடி கேட்டு விழித்துக்கொண்டாள்.

“குளுருதுங்களாப்பா? நிறுத்திரட்டுங்களா?”

“வேண்டாங் கண்ணு, சுத்தட்டும். எனக்கே நொம்ப வேர்க்குது” என்றார் முனியப்பன், தோள் துண்டை இழுத்துக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டே.