லத்தீன் மன்றத்தில் ஓர் ஏலம்

அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு ரோமாபுரிதான் நினைவுக்கு வரும். விருந்தாளிகளுக்கென்று பீரோவின் அடித்தட்டில் மடித்து வைத்திருந்த வெள்ளைப் போர்வைகளைப் பைக்குள் திணித்து எடுத்துவந்து, வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு முடிந்ததும் சீருடைக்கு மேல் சுற்றி, ஒரு முனையை இடது தோளில் போட்டுக்கொண்டால் போதும், என் பள்ளித் தோழர்கள் செனட்டர்களாகிவிடுவார்கள். காற்றோட்டமில்லாத அந்தப் பழைய கூடத்தில் வெயில் சூட்டோடு அந்த நெடியும் சேர்ந்து தலையைக் கிறுகிறுக்க வைக்கும்.

செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் லத்தீன் மன்றம் இருந்தது என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. அதைத் தொடங்கியவள் என் வகுப்புத் தோழி சந்தியா. அவள் அப்பா கடலோர அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் விஞ்ஞானி. நம் கடற்கரை மணலுக்கடியில் ரோமானியர்களின் மதுச்சாடி ஓடுகள் கிடைத்திருக்கின்றன என்று வரலாற்று வகுப்பில் கேட்ட நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பித்துப் பிடித்துக்கொண்டது. இணையத்தில் தானே படித்துக்கொண்டு எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள். "மென்சா" என்றால் மேசை, நம்முடைய மேசையே அங்கிருந்து போர்த்துக்கீசியர் வாய்வழியாக வந்ததுதான் என்று அவள் சொன்னபோது, நான் எழுதிக்கொண்டிருந்த பலகையைத் தடவிப் பார்த்தது நினைவிருக்கிறது.

மன்றத்தில் எல்லாரும் ரோமானியப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். ரோஸ்மேரியாகிய எனக்குத் தேடும் வேலையே இருக்கவில்லை. ரோசா என்று சுருக்கினால் அதுவே லத்தீன். திருப்போரூர் சாலையில் இருந்த எங்கள் காலனிக்குப் போகும் பேருந்தில், கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, ரோசா, ரோசே, ரோசாம் என்று என் பெயரையே வேற்றுமை வேற்றுமையாக முணுமுணுத்துக்கொண்டு போவேன். மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா எட்டாவதோடு நின்றவர். "இன்னா பாஷைம்மா அது? ஜெபம் மாதிரி கீது," என்று கேட்டுவிட்டு, தெருவில் எல்லாரிடமும் போய்ச் சொல்லுவார்.

நாங்கள் ஒன்பதாவது படித்தபோது சந்தியா "ரோமானியர் நாள்" கொண்டாடத் தீர்மானித்தாள். விருந்து, சொற்பொழிவு, கடைசியில் ஓர் அடிமைச் சந்தை. வெள்ளைப் போர்வை கொண்டுவருகிறவர்கள் செனட்டர்கள், மற்றவர்கள் அடிமைகள் என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டில் கட்டம் போட்ட போர்வைதான் இருந்தது. வெள்ளையாக இருந்தது அப்பா கோயிலுக்குக் கட்டும் ஒரே வேட்டி. ரேஷன் கடையில் பொங்கலுக்குக் கொடுத்தது. அதன் கரையைப் பார்த்தாலே எந்தக் கடை வேட்டி என்று யாருக்கும் தெரிந்துவிடுமென்று கூசி, நான் அதைக் கேட்கவே இல்லை. "அடிமைக்குத்தான் வசனம் அதிகம், உன் உச்சரிப்புதான் நல்லா இருக்கு ரோஸ்," என்று சந்தியா சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடல்தாண்டி வந்த அடிமைகளின் பாதத்தில் ரோமானியர்கள் சுண்ணாம்பு பூசுவார்களாம். சந்தியாவே மண்டியிட்டு உட்கார்ந்து என் கால்களில் சாக்பீஸ் தூளைக் குழைத்துப் பூசினாள். கழுத்தில் ஓர் அட்டை தொங்கவிட்டாள். எனக்கு முன்னால் முக்காலியில் ஏறியவன், கடப்பாக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன். போர்வைக்காரர்கள் அவன் புஜத்தை அமுக்கிப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்கள். அவனும் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு என் முறை வந்தது. முக்காலியின் உயரத்திலிருந்து பார்த்தபோதுதான், கீழே வெள்ளையில் நின்றவர்கள் எல்லாரும் டவுன்ஷிப் பேருந்திலும் கார்களிலும் வருகிறவர்கள் என்பதும், சுவரோரம் வெள்ளைக் காலோடு நின்றவர்கள் யார் யார் என்பதும் கண்ணில் பட்டது. மனப்பாடம் செய்திருந்த வசனத்தில் முதல் சொல்லுக்குமேல் வரவில்லை.

"பேச வராத அடிமை, விலையைக் குறை!" என்று ஒருவன் கத்தினான். கூடம் சிரித்தது. ஏலம் கேட்கத் தொடங்கி, வேண்டுமென்றே கீழே கீழே கேட்டுக்கொண்டு போனார்கள்.

வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர், என்னை அழைத்துப்போகலாமென்று உள்ளே வந்திருக்கிறார். நீலச் சீருடை, கையில் சாப்பாட்டுப் பை. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. கையை உயர்த்தினார்.

"நான் எடுத்துக்கிறேன்," என்றார். "எம் பொண்ணு அது."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவரும் விளையாட்டில் சேர்ந்துகொண்டார் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆசிரியை ஒருவர் படம் எடுத்தார். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி முக்காலியில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து இறக்கினார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

மைதானத்துக் குழாயைத் திறந்துவிட்டு, "காலக் கழுவு," என்றார். நான் கழுவி முடிக்கும்வரை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தவர், பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது கேட்டார்.

"அந்த அட்டைல இன்னா எழுதியிருந்துச்சி?"

"பேரு ரோசா. நோய் இல்லாதவ. ஓடிப்போகாதவ."

"ஓடிப்போனா இன்னா தப்பு?" அவர் குரல் உயரவில்லை. "எங்கப்பாரு ஒருத்தர் நெலத்துல படியாளா கெடந்தவரு. நெலம் கைமாறுனா ஆளும் கூடவே கைமாறும். எங்கம்மாவ இட்டுக்கினு அங்கேர்ந்து ஓடியாந்தாரு. அதனாலதான் நாம இங்க கீறோம்." கொஞ்ச தூரம் போனபிறகு, "வெள்ளத் துணின்னா பொங்கல் வேட்டி கீதே, கேட்டிருந்தா குடுத்திருப்பேனே," என்றார்.

ஈரக் காலோடு அவர் பின்னாலேயே நடந்தேன்.

அடுத்த வாரம் அந்தப் படம் அறிவிப்புப் பலகையில் ஏறியது: முக்காலியில் நான், பின்னால் கை உயர்த்திய அப்பா. "உங்கப்பா எவ்ளோ ஸ்போர்ட்டிவ்!" என்றாள் சந்தியா. அவள் மனதில் கள்ளமில்லை. பையன்கள் எனக்கு "ஏலம்" என்று பெயர் வைத்தார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்த அப்பா, பலகையின் முன்னால் நின்றுவிட்டு, "இத நான் எடுத்துக்கினு போவட்டுமா மிஸ்?" என்று பணிவாகக் கேட்டார். ஞாபகத்துக்குக் கேட்கிறார் என்று ஆசிரியை மகிழ்ச்சியோடு குண்டூசியைப் பிடுங்கிவிட்டுப் படத்தைக் கொடுத்தார். பேருந்து நிலைய டீக்கடையில் டீ குடித்து முடித்து, படத்தைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்து, காகிதத் தம்ளரோடு குப்பை வாளியில் போட்டார் அப்பா. நான் பிறகு மன்றத்துக்குப் போகவில்லை.

சந்தியாவின் அப்பாவுக்கு மாற்றலானதும் மன்றமும் இல்லாமல் போயிற்று. கூடத்தை இடித்துவிட்டு நீண்ட தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள், வாகனம் நிறுத்த. தாத்தா விட்டு ஓடிவந்த நிலமெல்லாம் கல் நட்டு, கொடி கட்டி, மனையாகிவிட்டது. ரோசாவின் வேற்றுமைகளில் மூன்றுக்குமேல் எனக்கு இன்று வராது.

போன மாதம் பழைய மாணவர்களின் வாட்ஸப் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். ரோமானியர் நாள் பேச்சு வந்தது. "ரோஸ் அப்பா வந்து ரோஸையே ஏலத்துல எடுத்தாரே!" என்று ஒருவர் எழுத, சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. சந்தியாவும் ஒன்று போட்டிருந்தாள். பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பா, "இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார். ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு எழுந்து மாடிக்குப் போனேன்.

"அப்பா அன்னைக்கு விளையாடலை" என்று எழுதி அனுப்பினேன்.

சிரிப்பு நின்றது. சந்தியா எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை நெடுநேரம் காட்டியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.